இரைப்பு யார் வழி வந்தது?

1961 அக்டோபரில், தெற்கு அட்லாண்டிக் கடலின் நடுவே இருக்கும் டிரிஸ்டன் ட குன்யா தீவில் எரிமலை வெடித்தது. மனிதர் வாழும் இடங்களில் இந்தத் தீவுக்கு மிக அருகில் இருப்பது செயின்ட் ஹெலினா. அதுவே சுமார் 2,400 கிலோமீட்டருக்கு அப்பால். தீவில் இருந்த 264 பேரும் தப்பி, கப்பலேறி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். அங்கே அவர்களைப் பரிசோதித்த மருத்துவர்கள் திகைத்துப்போனார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஆஸ்துமா. ஆலைப் புகை கிடையாது, வாகன நெரிசல் கிடையாது, நாலாபுறமும் கடற்காற்று. இப்படி ஒரு தீவில் இத்தனை பேருக்கு மூச்சிரைப்பு எங்கிருந்து வந்தது?

விடை தீவின் குடும்ப வரலாற்றில் இருந்தது. செயின்ட் ஹெலினாவில் சிறைவைக்கப்பட்டிருந்த நெப்போலியனை மீட்க எவரும் இந்தத் தீவைத் தளமாக்கிவிடக் கூடாது என்று 1816-இல் பிரிட்டன் இங்கே ஒரு படையை நிறுத்தியது. மறு ஆண்டு படை திரும்பியபோது வில்லியம் கிளாஸ் என்ற சிப்பாய் மனைவி மக்களோடு தங்கிவிட்டார். 1827-இல் செயின்ட் ஹெலினாவிலிருந்து சில பெண்கள் வந்து குடியேறினார்கள். பிறகு கப்பல் உடைந்து கரையேறிய மாலுமிகள் சிலர். இன்றைய தீவுவாசிகளின் வேரைத் தேடிப் போனால் சுமார் 15 பேரில் போய் நிற்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே மணமுடித்ததால் நெடுங்காலம் தீவு முழுக்க ஏழே ஏழு குடும்பப் பெயர்கள்தாம் புழங்கின. அந்த முதல் குடியேறிகளில் மூன்று பேர் ஆஸ்துமாக்காரர்கள்.

மரபணு ஆராய்ச்சியாளருக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோயே ஸமேல் 1993-இல் தன் குழுவோடு அங்கே போனார். விமான நிலையம் இல்லாத தீவு, கப்பல்தான் வழி. தீவுவாசிகளின் இரத்தத்தைச் சேகரித்தார்கள். மூச்சுக்குழாய் எவ்வளவு சீக்கிரம் சுருங்குகிறது என்று அளந்தார்கள். குடும்ப மரங்களை வரைந்தார்கள். 1997-இல் இந்த ஆய்வோடு தொடர்புடைய செக்வானா என்ற அமெரிக்க நிறுவனம் ஆஸ்துமாவுக்கான மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தது. அது பெரும் செய்தியானது. ஆனால் டிரிஸ்டனில் கிடைத்த அந்தக் குறி, உலகின் மற்ற மக்களிடம் ஆஸ்துமாவின் முதன்மைக் காரணமாக நிலைபெறவில்லை. ஒரு தீவு, ஒரு மரபணு, ஒரு விடை என்ற அழகான கதையாக அது முடியவில்லை. அதற்குப் பின் வந்த ஆராய்ச்சி கண்டது வேறு: குழந்தைப் பருவ ஆஸ்துமாவில் மரபணுவின் பங்கு பெரியது, அதே சமயம் அது தனியாக நின்று எதையும் செய்வதில்லை.

இந்த இரண்டாவது பாதிதான் நம் வீடுகளுக்கு வந்து சேரவில்லை. இரவு இரண்டு மணிக்குக் குழந்தைக்கு இழுப்பு எடுக்கிறது. விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே போய்ப் போய் வருகிறது. மூச்சை விடும்போது விசில் சத்தம். ஆட்டோ பிடித்து ஓடி, நெபுலைசர் வைத்து, குழந்தை கண்ணயர்ந்த பிறகு வீட்டில் எழுகிற முதல் கேள்வி, ‘இது யார் பக்கத்து வியாதி?’ என்பதுதான். அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு இருந்ததா, அம்மாவின் அண்ணனுக்கு இருந்ததா என்று விசாரணை தொடங்கிவிடுகிறது. பெரும்பாலும் அது பெற்றவளின் தலையில் வந்து விடிகிறது. பெண் பிள்ளையாக இருந்துவிட்டால், நாளைக்கு வரன் பார்க்கும்போது தடையாகுமே என்று நோயின் பெயரையே சொல்லாமல் மறைக்கிற குடும்பங்களும் உண்டு. ‘ஆஸ்துமா எல்லாம் இல்லை, லேசா வீசிங்’ என்பது அந்த மறைப்பின் மொழி.

குடும்பத்தில் ஓடும் நோய் என்பது பழைய அனுபவம். 1916-இல் நியூயார்க்கில் ராபர்ட் குக்கும் ஆல்பர்ட் வாண்டர் வீரும் ஒவ்வாமை நோயாளிகள் 504 பேரின் குடும்பக் கதையைக் கேட்டு எழுதினார்கள். ஏறத்தாழப் பாதிப் பேரின் குடும்பத்தில் வேறு யாருக்காவது ஒவ்வாமை இருந்தது. ஆனால் குடும்பம் என்றால் இரத்தம் மட்டும் இல்லையே. ஒரே சமையலறைப் புகை, ஒரே போர்வை, ஒரே வீட்டின் ஈரச்சுவர் எல்லாம் சேர்ந்ததுதானே குடும்பம்? இரண்டையும் பிரித்துப் பார்க்க இரட்டையர்கள் உதவினார்கள். ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையர்களுக்கு மரபணு முழுவதும் ஒன்று. இரு கருமுட்டை இரட்டையர்களுக்குப் பாதிதான் பொது. முதல் வகையினரிடம் நோய் சேர்ந்து வருவது எவ்வளவு கூடுதல் என்று கணக்கிட்டால் மரபின் பங்கு தெரியவரும். ஸ்வீடனில் 9, 12 வயதுகளில் இருந்த 25,000-க்கும் மேற்பட்ட இரட்டையர்களை வைத்து 2016-இல் வெளியான ஆய்வு, குழந்தைப் பருவ ஆஸ்துமாவில் மரபின் பங்கை 82 சதவீதம் என மதிப்பிட்டது.

இந்த எண் பயமுறுத்தக்கூடியது. ஆகவே நின்று பார்க்க வேண்டும். ஒரு குழந்தையின் இரைப்பில் 82 பங்கு தாய் தகப்பன் கொடுத்தது, மீதி 18 பங்கு தூசி கொடுத்தது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. நோயுள்ள தாயின் பிள்ளைக்கு 82 சதவீதம் நோய் வரும் என்பதும் தவறு. ஸ்வீடனில், ஏறத்தாழ ஒரே மாதிரி வீடுகளில், ஒரே மாதிரி மருத்துவ வசதியோடு வளரும் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது, இன்னொருவருக்கு வரவில்லை. அந்த வேறுபாட்டில் எவ்வளவு மரபணுவால் விளக்கப்படுகிறது என்பதே கணக்கு. சூழல் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கும் ஊரில் மரபின் பங்கு பெரிதாகத் தெரியும். சூழலே மாறிவிட்டால் அந்தக் கணக்கும் மாறும். மேலை நாடுகளில் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சில பத்தாண்டுகளுக்குள் குழந்தை ஆஸ்துமா பல மடங்கு பெருகியது. மனித மரபணு அவ்வளவு வேகமாக மாறாது. ஒரே மரபணுத் தொகுதியோடு பிறந்த இரட்டையரிலும் ஒருவர் இரைத்துக்கொண்டும் மற்றவர் ஓடியாடிக்கொண்டும் இருப்பது உண்டு.

சரி, எந்த மரபணுக்கள்? 2007-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மிரியம் மோஃபாட்டும் வில்லியம் குக்சனும் முன்னின்று நடத்திய ஆய்வு இதில் ஒரு திருப்பம். அதுவரை ஆராய்ச்சியாளர்கள் தாங்களாகச் சந்தேகப்பட்ட மரபணுக்களை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார்கள். ஒருவர் கண்டது இன்னொருவருக்குக் கிடைக்காமல் போனது. இவர்கள் முன்முடிவு எதுவும் இல்லாமல், குழந்தைப் பருவத்தில் ஆஸ்துமா வந்த 994 பேரையும் நோயில்லாத 1,243 பேரையும் எடுத்துக்கொண்டு, மரபணுத் தொகுதி முழுவதிலும் 3,17,000-க்கும் மேற்பட்ட இடங்களை ஒப்பிட்டார்கள். 17-ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி தனித்துத் தெரிந்தது. அந்த முகவரிக்கு 17கியூ21 என்று பெயர். பிறகு பல நாடுகளில், பல பத்தாயிரம் பேரிடம் சோதித்தபோதும் இந்த இடம் திரும்பத் திரும்ப வந்தது. 2010-இல் கேப்ரியல் என்ற ஐரோப்பியக் கூட்டமைப்பு 10,365 நோயாளிகளை ஆராய்ந்து ஒரு முக்கியமான வரம்பைக் காட்டியது: குழந்தையிலேயே தொடங்கும் ஆஸ்துமாவோடுதான் 17கியூ21-க்கு உறவு, வளர்ந்த பிறகு வருவதோடு இல்லை.

இதை வெறும் நுணுக்கமாக ஒதுக்கிவிட முடியாது. மூன்று வயதில் வருவதும் நாற்பது வயதில் வருவதும் ஒரே பெயரில் அழைக்கப்பட்டாலும் அடியில் வேறு வேறு நோய்களாக இருக்கலாம் என்பதற்கு இது சான்று. 2019-இல் பிரிட்டனின் யூகே பயோபேங்க் தரவுகளை வைத்து நடந்த ஆய்வு இதை இன்னும் தெளிவாக்கியது. குழந்தை ஆஸ்துமாவோடு 56 மரபணு இடங்கள் தொடர்பு காட்டின. பெரியவர்களுக்கு வருவதோடு 19 மட்டுமே. குழந்தைகளில் தொடர்பு காட்டிய மரபணுக்கள் பல, தோலிலும் இரத்த அணுக்களிலும் சிறுகுடலிலும் அதிகம் செயல்படுபவை. நுரையீரல் நோய்க்குத் தோலில் என்ன வேலை என்ற கேள்வி எழலாம். அதற்குப் பின்னால் வருவோம்.

17கியூ21-இல் அருகருகே பல மரபணுக்கள் இருக்கின்றன. ஓஆர்எம்டிஎல்3 என்பது செல்லின் கொழுப்புப் பொருள்களைக் கட்டுப்படுத்துவதில் பங்குள்ளது. ஜிஎஸ்டிஎம்பி என்பது செல் தன்னையே உடைத்துக்கொண்டு சாகும் வேலையில் ஈடுபடும் புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது. குற்றவாளி இவற்றில் எது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் குடும்பங்களுக்கு முக்கியமான செய்தி வேறொரு பக்கத்திலிருந்து வந்தது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மேடிசன் நகரில், தாய் தகப்பனில் ஒருவருக்காவது ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ உள்ள 289 குழந்தைகளை 1998 முதல் பிறப்பிலிருந்தே பின்தொடர்ந்தார்கள். குழந்தைக்குச் சளி பிடித்தாலோ இரைத்தாலோ மூக்கிலிருந்து சளி எடுத்து எந்த வைரஸ் என்று பார்த்தார்கள். பெரும்பாலும் மாட்டியது ரைனோ வைரஸ், சாதாரண ஜலதோஷ வைரஸ். மூன்றாவது வயதில் இந்த வைரஸோடு இரைப்பு வந்த 30 குழந்தைகளில் 26 பேருக்கு ஆறு வயதில் ஆஸ்துமா இருந்தது. வைரஸ்தான் நோயை உண்டாக்கியதா, அல்லது ஏற்கெனவே நோய்க்கு இலக்காகும் குழந்தையை வைரஸ் காட்டிக்கொடுத்ததா?

சிகாகோ பல்கலைக்கழகத்தின் கேரல் ஓபர் குழு 2013-இல் இந்தக் குழந்தைகளின் 17கியூ21 பகுதியைப் படித்தது. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஹான்ஸ் பிஸ்கார்ட் பிறப்பிலிருந்தே பின்தொடர்ந்து வந்த, ஆஸ்துமா உள்ள தாய்மாரின் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டது. விடை வியப்பானது. ஆபத்தான மரபணு வடிவம் உள்ள குழந்தைகளுக்கு ரைனோ வைரஸால் இரைப்பு வந்திருந்தால்தான் பின்னால் ஆஸ்துமா கூடியது. ரைனோ வைரஸ் இரைப்பே வராத குழந்தைகளிடம் அதே மரபணு வடிவம் ஆஸ்துமாவோடு தொடர்பு காட்டவில்லை. குழந்தைகளை அதிகம் வாட்டும் இன்னொரு வைரஸான ஆர்எஸ்வியோடும் இந்த மரபணுவுக்கு இத்தகைய உறவு தெரியவில்லை. அதாவது மரபணு ஒன்று, வைரஸ் ஒன்று, வயது ஒன்று. மூன்றும் சந்தித்தால்தான் கதை நகர்கிறது.

புகையும் அப்படியே. பிரான்சில் நடந்த குடும்ப ஆய்வு ஒன்று 2008-இல் சொன்னது: 17கியூ21 ஆபத்து வடிவம் உள்ள குழந்தைகளில், பிஞ்சு வயதில் வீட்டுக்குள் சிகரெட் புகையைச் சுவாசித்தவர்களுக்கே ஆபத்து மிகக் கூடுதல். வாசலில் நின்று புகைத்துவிட்டு உள்ளே வருகிற அப்பாவும், ஜன்னலைத் திறந்துவைத்துப் புகைக்கிற தாத்தாவும் நம் வீடுகளில் நிறையப் பேர். குழந்தையின் மரபணுவை அவர்களால் மாற்ற முடியாது. பீடியையும் சிகரெட்டையும் விட முடியும்.

வைரஸுக்கும் மரபணுவுக்கும் உள்ள உறவு எவ்வளவு நேரடியானது என்பதை இன்னொரு மரபணு காட்டியது. 2014-இல் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் ஒரு புத்திசாலித்தனமான வேலை செய்தார்கள். ஆஸ்துமா என்ற பொதுப் பெயரின் கீழ் எல்லாரையும் திரட்டாமல், இரண்டிலிருந்து ஆறு வயதுக்குள் கடும் இரைப்பால் திரும்பத் திரும்ப மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 1,173 குழந்தைகளை மட்டும் எடுத்தார்கள். எண்ணிக்கை சிறியது, ஆனால் நோய் ஒரே முகம் கொண்டது. சிடிஎச்ஆர்3 என்ற மரபணு வெளிச்சத்துக்கு வந்தது. அது என்ன செய்கிறது என்று அப்போது யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. மறு ஆண்டே விடை கிடைத்தது. ரைனோ வைரஸில் சி என்று ஒரு வகை உண்டு. 2006-இல்தான் அதை அடையாளம் கண்டார்கள். குழந்தைகளைக் கடுமையாகத் தாக்கும் இந்த வகை, வழக்கமான ஆய்வக செல்களில் வளரவே மறுத்தது. விஸ்கான்சினில் யூரி போச்கோவும் சக ஆய்வாளர்களும் செல்களில் சிடிஎச்ஆர்3 புரதத்தை உண்டாக்கிப் பார்த்தார்கள். வைரஸ் வந்து ஒட்டிக்கொண்டு பெருகத் தொடங்கியது. மூச்சுக்குழாய்ச் சுவரின் மயிரிழை செல்களில் இருக்கும் இந்தப் புரதம்தான் வைரஸ் உள்ளே நுழையும் வாசல். ஆபத்து வடிவத்தில், புரதத்தின் 529-ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் வேறு. அந்த ஒரு மாற்றத்தால் வைரஸ் ஒட்டுவது ஏறத்தாழப் பத்து மடங்கு கூடுகிறது. ‘இந்தப் பிள்ளைக்கு மட்டும் ஏன் சளி பிடித்தாலே இழுப்பில் போய் முடிகிறது?’ என்று ஏங்குகிற பெற்றோருக்கு, குறைந்தபட்சம் சில குழந்தைகளின் விஷயத்தில், அறிவியல் சொல்லும் நேர்மையான பதில் இது. ஐஸ்கிரீம் கொடுத்ததோ தலைக்கு ஊற்றியதோ காரணம் என்று தாயைக் குறைசொல்ல இதில் இடமில்லை.

இனி, தோல். கைக்குழந்தைக்குக் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் சிவந்து, அரித்து, நீர் வடியும் கரப்பான் வருவதை எல்லாரும் பார்த்திருப்போம். அந்தக் குழந்தைகளில் சிலருக்குப் பின்னால் உணவு ஒவ்வாமை, அதன் பின் இரைப்பு, அதன் பின் தும்மல் என்று வரிசையாக வருவதை மருத்துவர்கள் நெடுநாளாகக் கவனித்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் இர்வின் மெக்லீன் குழு 2006-இல் இதற்கு ஒரு காரணத்தைக் கண்டது. தோலின் மேலடுக்கை இறுக்கமாக வைத்திருக்க உதவும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணு, ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் 9 சதவீதத்தினருக்கு ஒரு பிரதியிலாவது பழுதாகியிருக்கிறது. அவர்களுக்குக் கரப்பான் வரும் வாய்ப்பு அதிகம். கரப்பானோடு சேர்ந்து வரும் ஆஸ்துமாவும் அதிகம். கரப்பான் இல்லாதவர்களிடம் இந்தத் தொடர்பு இல்லை. ஃபிலாக்ரின் நுரையீரலின் மூச்சுக்குழாய்களில் உருவாவதே இல்லை என்பது கவனிக்க வேண்டியது. பழுது தோலில், விளைவு மார்பில். பொத்தலான தோல் வழியே உள்ளே போகும் தூசியும் உணவுத் துகளும் நோயெதிர்ப்பு அமைப்பைத் தவறாகப் பழக்கிவிடுகின்றன என்பதே இதற்கான விளக்கம்.

மரபணு பற்றிய பேச்சில் மிகவும் ஆழமாக யோசிக்கவைத்தது 2016-இல் வெளியான ஓர் ஒப்பீடு. மறுபடியும் கேரல் ஓபர். உடன் அரிசோனாவின் டொனாட்டா வெர்செல்லி, ஜெர்மனியின் எரிகா ஃபான் மியூட்டியஸ், சிகாகோவின் ஆன் ஸ்பெர்லிங். அமெரிக்காவில் அமிஷ் என்றும் ஹட்டரைட் என்றும் இரண்டு கிறித்தவ விவசாயச் சமூகங்கள் இருக்கின்றன. இரண்டும் மத்திய ஐரோப்பாவிலிருந்து வந்தவை. தங்களுக்குள்ளேயே மணம் செய்பவை. இரு சாராரின் மரபணுக்களை ஒப்பிட்டால் மிக நெருக்கம். இரு பக்கமும் பெரிய குடும்பங்கள், நீண்ட நாள் தாய்ப்பால், வீட்டுக்குள் நாய் பூனை இல்லை, சிகரெட் புகை மிகக் குறைவு. ஆனால் பள்ளிக் குழந்தைகளில் ஆஸ்துமா ஹட்டரைட்டுகளிடம் 21.3 சதவீதம், அமிஷ்களிடம் 5.2 சதவீதம். நான்கு மடங்கு வித்தியாசம்.

எங்கே வேறுபட்டார்கள்? அமிஷ் விவசாயிகள் டிராக்டரைத் தவிர்த்துக் குதிரை பூட்டி உழுகிறார்கள். வீட்டை ஒட்டியே மாட்டுத் தொழுவம். குழந்தைகள் நடை பழகும்போதே தொழுவத்துக்குள் ஓடுகிறார்கள். ஹட்டரைட்டுகள் பெரிய இயந்திரப் பண்ணைகளைப் பொதுவில் நடத்துகிறார்கள். கால்நடைக் கொட்டில்கள் குடியிருப்பிலிருந்து தள்ளி இருக்கின்றன. சிறு குழந்தைகள் அங்கே போவதில்லை. ஆராய்ச்சியாளர்கள் இரு பக்கத்து வீடுகளின் தூசியையும் சேகரித்தார்கள். பாக்டீரியாவின் சுவரிலிருந்து வரும் எண்டோடாக்சின் அமிஷ் வீட்டுத் தூசியில் 6.8 மடங்கு அதிகம். பிறகு அந்தத் தூசியின் சாற்றை, ஆஸ்துமா போன்ற நிலை தூண்டப்பட்ட எலிகளின் மூக்கில் பல வாரம் விட்டார்கள். அமிஷ் தூசி பெற்ற எலிகளின் மூச்சுக்குழாய்கள் சுருங்காமல் காக்கப்பட்டன. ஹட்டரைட் தூசி பெற்றவற்றுக்கு நிலை மோசமானது. கிருமியைக் கண்டவுடன் எச்சரிக்கை எழுப்பும் மரபணுக்களை நீக்கிய எலிகளிடம் அமிஷ் தூசியின் பாதுகாப்பும் பலிக்கவில்லை. தூசி வேலை செய்வதற்கும் மரபணு வேண்டும்.

ஐரோப்பியப் பண்ணைக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு ஒன்று இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. தொழுவத்தில் புழங்கியதால் இரைப்பு குறைந்தது யாருக்கு என்று பார்த்தால், 17கியூ21-இன் ஆபத்து வடிவம் உள்ள குழந்தைகளுக்கே. நகரத்துக் குழந்தையிடம் ஆபத்து என்று பேர் எடுத்த அதே மரபணு, தொழுவத்தில் ஓடித் திரிகிற குழந்தையிடம் நன்மையைக் கூடுதலாகப் பெற்றுக்கொள்கிறது. அப்படியானால் அதைக் கெட்ட மரபணு என்று சொல்வதே பிழை. சூழலுக்குக் கூர்மையாக எதிர்வினை காட்டும் மரபணு என்பதே சரி.

இதைப் படித்துவிட்டு, இரைப்புள்ள பிள்ளையை மாட்டுத் தொழுவத்தில் கொண்டுபோய் விட யாரும் முனைய வேண்டாம். பாதுகாப்பு கருவிலிருந்தும் முதல் ஆண்டுகளிலிருந்தும் வருவது. நோய் வந்த பிறகு அதே தூசி இழுப்பைத் தூண்டலாம். நம் கிராமங்களில் தொழுவம் இருக்கும் வீட்டிலேயே விறகடுப்புப் புகையும் இருக்கிறது. புகை எந்தக் குழந்தைக்கும் நல்லது செய்ததில்லை.

மரபணுச் சோதனை செய்து எந்தக் குழந்தைக்கு ஆஸ்துமா வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? முடியாது. நியூசிலாந்தின் டனீடனில் 1972–73-இல் பிறந்த 1,037 பேரை 38 வயது வரை பின்தொடர்ந்த புகழ்பெற்ற ஆய்வில், பல மரபணுக் குறிகளைக் கூட்டி ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பெண் கொடுத்துப் பார்த்தார்கள். மதிப்பெண் அதிகமுள்ளவர்களுக்கு நோய் சீக்கிரம் தொடங்கியது; நீண்ட நாள் நீடித்தது; பள்ளி நாட்கள் அதிகம் போயின. ஆனாலும் ஒரு தனிக் குழந்தையைக் காட்டி, இதற்கு வரும், இதற்கு வராது என்று சொல்லும் அளவுக்கு அந்த மதிப்பெண்ணில் துல்லியம் இல்லை என்று ஆய்வாளர்களே 2013-இல் எழுதினார்கள். ஒவ்வொரு மரபணுவும் ஆபத்தைச் சிறிதளவே கூட்டுகிறது. 17கியூ21-இன் ஆபத்து வடிவமோ, நோயே இல்லாத கோடிக்கணக்கானோரிடம் இருக்கிறது. எச்சில் மாதிரியை வாங்கிக்கொண்டு குழந்தையின் எதிர்கால நோய்களைப் பட்டியலிட்டுத் தருவதாக விளம்பரம் செய்யும் நிறுவனங்களுக்கு, ஆஸ்துமா விஷயத்தில், பணம் கொடுப்பது வீண்.

அதிலும் இந்தியப் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்து நடந்தவை. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் 17கியூ21-இன் தொடர்பு பலவீனமாகத் தெரிகிறது. அங்கே அருகருகே உள்ள மரபணு வேறுபாடுகள் வேறு விதமாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவில் புவேர்ட்டோ ரிக்கோ குழந்தைகளுக்கு ஆஸ்துமா மிக அதிகம், மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளுக்கு மிகக் குறைவு. இருவரையும் ‘லத்தீனோ’ என்ற ஒரே கட்டத்தில் அடைத்த கணக்குகள் இதை மறைத்தன. கலிஃபோர்னியாவின் எஸ்டெபான் புர்ச்சார்ட் குழு 2018-இல் 1,441 சிறுபான்மையினக் குழந்தைகளின் முழு மரபணுத் தொகுதியைப் படித்து, மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து எல்லாருக்கும் ஒரே அளவில் வேலை செய்யாததற்கு மரபணுக் காரணங்களையும் தேடியது. இந்தியாவில் 10,000 பேரின் மரபணுத் தொகுதியைப் பதிவுசெய்யும் ஜீனோம் இந்தியா திட்டம் 2020-இல் தொடங்கியது. நம் குழந்தைகளின் இரைப்புக்கு அதிலிருந்து பதில் வர, அந்தத் தரவோடு நோயாளிக் குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே பின்தொடரும் ஆய்வுகள் சேர வேண்டும். ஓர் ஊர் மருத்துவக் கல்லூரியாவது அதைக் கையில் எடுக்க வேண்டும்.

முன்னறிவிப்பு தராவிட்டாலும் மரபணு ஆராய்ச்சி மருந்துப் பக்கம் பலன் தந்திருக்கிறது. ஆஸ்துமாவோடு தொடர்புள்ளவையாகத் திரும்பத் திரும்ப வந்த பெயர்களில் டிஎஸ்எல்பி, ஐஎல்33 ஆகியவை உண்டு. மூச்சுக்குழாய்ச் சுவர் காயப்பட்டதும் எழுப்பும் அபாய அறிவிப்புகள் இவை. டிஎஸ்எல்பியைத் தடுக்கும் டெசிபெலுமாப் ஊசிக்கு 2021-இல் அமெரிக்காவில் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு டுபிலுமாப் 6 வயதிலிருந்தே அனுமதிக்கப்பட்டது. இவை கடுமையான ஆஸ்துமாவுக்கு, வேறு எதற்கும் கட்டுப்படாத நிலைக்கு. விலை நம் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

பெரும்பாலான குழந்தைகளுக்குத் தேவைப்படுவது அதுவல்ல என்பதுதான் ஆறுதலும் ஆதங்கமும். குறைந்த அளவு ஸ்டீராய்டு உள்ள இன்ஹேலரும், அதைச் சிறு குழந்தையும் சரியாக இழுக்க உதவும் ஸ்பேசரும் போதும். ஸ்டீராய்டு என்ற சொல்லே பெற்றோரை மிரட்டுகிறது. ‘பழகிப்போயிடும்’, ‘வளர்த்தி நின்னுடும்’ என்ற பேச்சு ஓயாது. அமெரிக்காவில் சிறுவயதில் நான்கு ஆண்டுகளுக்கும் மேல் இந்த இன்ஹேலரை எடுத்துக்கொண்டவர்களை வளர்ந்த பிறகு அளந்து பார்த்தார்கள். எடுக்காதவர்களைவிட உயரம் சராசரியாக 1.2 செ.மீ. குறைவு. பாதிப்பு இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் மூச்சுக்காகத் தவிக்கும் ஓர் இரவோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு சிறியது.

உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13 சதவீதம் இந்தியாவில் இருப்பதாகவும், ஆஸ்துமா மரணங்களில் 42 சதவீதம் இங்கே நிகழ்வதாகவும் உலக நோய்ச்சுமைக் கணக்கெடுப்பு சொல்கிறது. இந்த இடைவெளியை எந்த மரபணுவின் மேலும் போட முடியாது. 2022-இல் வெளியான இந்தியக் கள ஆய்வில், இரைப்பு இருந்தவர்களில் 82 சதவீதம் பேருக்கு அது ஆஸ்துமா என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆஸ்துமா என்று கண்டறியப்பட்டவர்களிலும் ஸ்டீராய்டு இன்ஹேலரைத் தினமும் எடுத்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை.

ஆகவே, குடும்பத்தில் யாருக்காவது இரைப்போ கரப்பானோ இருந்தால் அதை மறைக்காமல் குழந்தை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அந்தத் தகவல் இன்றைய எந்த மரபணுச் சோதனையையும்விட அவருக்கு உதவும். சளி பிடித்தால் இரண்டு மூன்று முறைக்கு மேல் இழுப்பு வருகிற குழந்தைக்கு, ஒவ்வொரு முறையும் நெபுலைசர் வைத்துவிட்டு வீடு திரும்பாமல், ‘இது ஆஸ்துமாவா, தினமும் இன்ஹேலர் வேண்டுமா?’ என்று நேராகக் கேளுங்கள். வீட்டுக்குள் புகைப்பவர் இருந்தால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.